முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு: எப்படி எடுப்பது?

அக்காவின் முகத்தில் தலைமுடி மட்டும் மரக்கிளைகளாக விரிந்து போவது போல ஒரு கனவுத்தன்மையான படம் செய்கிறேன். மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். முடி ஓரம் முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடு. முழுத்திரையில் தெரியாது, 200 சதவீதம் பெரிதாக்கினால், காதோரம் சுருண்டிருக்கும் ஒவ்வொரு முடிக்கும் சுண்ணாம்பு பூசியது போல இருக்கிறது.

படத்தைத் திருத்தும் மென்பொருள் கிம்ப் 2.10. படம் வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த ஜேபெக், ரா கோப்பு (கேமராவின் சுருக்கப்படாத மூலப் பதிவு) இல்லை. பின்னணிக்கு அடர்நீல வானம் வைத்திருக்கிறேன், அதனால்தான் கோடு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

ஃபெதர் (தேர்வின் ஓரத்தை மென்மையாக்குவது) 2 பிக்சல், 5 பிக்சல் வைத்தேன். கோடு மங்கியது, கூடவே முடியும் மங்கிவிட்டது. லேயர் மாஸ்க்கில் (அடுக்கின் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) மென்மையான பிரஷ்ஷால் கையால் அழித்தேன், மெல்லிய முடிகள் போய்விட்டன. மல்டிப்ளை (கீழ் அடுக்கோடு கலந்து இருட்டாக்கும் முறை) வைத்தால் கோடு மறைகிறது, ஆனால் முகமும் நீலமாக இருண்டுவிடுகிறது. கலர் டு ஆல்பா (ஒரு நிறத்தை மட்டும் ஒளிபுகும்படி ஆக்குவது, இங்கே வெள்ளையை) முடிக்கு அருமையாக வேலை செய்தது. அப்புறம் பார்த்தால் கன்னத்திலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் பட்ட இடங்களில் வானம் தெரிகிறது! அந்தக் கன்னத்து ஒளிதான் இந்தப் படத்துக்கே உயிர், அதை இழக்க மனமில்லை.

முகத்தைத் தொடாமல், முடி ஓரத்து வெள்ளையை மட்டும் நீக்க லேயர்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும்?