பாட்டியின் லாச்சி (இழுப்பறை) அலமாரி

குழு: ஆயர் ஈத்தாம் பாட்டி வீடு
சனிக்கிழமை, காலை 7:52

அம்மா: காலை வணக்கம். ஷாலினியையும் பிறந்த பையனையும் ஆஸ்பத்திரியிலிருந்து திங்கள்கிழமை அனுப்புகிறார்களாம். நேரே இங்கேதான் வருகிறாள். ஆப்பரேஷன் என்பதால் குனியவே முடியவில்லை. பம்பர்ஸ் மாற்ற உயரமாக ஒரு மேசை வேண்டும். கடையில் கேட்டேன், 700 வெள்ளி. பிள்ளை வளர்ந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? ரவி, அம்மாவின் லாச்சி அலமாரி உன்னிடம்தானே இருக்கிறது?

நான்: வந்துவிட்டதா அந்தப் பேச்சு

மாலா சித்தி: பிரகாஷ், சும்மா இரு

பெரிய மாமா: விமலா, தனி மேசை தேவையே இல்லை, அலமாரி போதும். ஆனால் அளவு பார்க்க வேண்டும். ஷாலினி நின்றபடி முழங்கையை மடக்கினால், பிள்ளை படுக்கும் இடம் அதற்குச் சற்றுக் கீழே வர வேண்டும். 90லிருந்து 100 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள். மேலே போடும் மெத்தையே 10 செண்டிமீட்டர் கனம் வரும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. மெத்தை 40 அகலம் இருக்கும். அலமாரியின் ஆழம் 45க்குக் குறைந்தால் மெத்தை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ரவி, டேப் எடுத்து அளந்து போடு.

ரவி மாமா: வேலையில் இருக்கிறேன்

அம்மா: சனிக்கிழமையா?

ரவி மாமா: அதன் மேல் டிவி இருக்கிறது அக்கா

அம்மா: "கொஞ்ச நாள் வைத்திருக்கிறேன்" என்றுதான் 2019ல் ஏற்றிக்கொண்டு போனாய்

ரவி மாமா: தையல் மெஷினை யார் ஏற்றிக்கொண்டு போனது?

மாலா சித்தி: காலையிலேயே ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது

சின்னப் பாட்டி: [குரல் பதிவு 1:14]

நான்: கேட்க நேரம் இல்லாதவர்களுக்கு: மேசையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தோட்டத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டுவார்கள், துணி மாற்றுவார்கள். கடைசி அரை நிமிடம் லயத்துக் குழாய்ச் சண்டை

ஷாலினி அக்கா: பாட்டி, கீழே உட்கார்ந்தால் என்னைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்

மாலா சித்தி: பிள்ளைக்குத் தரைதான் பத்திரம், அங்கிருந்து எங்கே விழப்போகிறது. ஆனால் வயிற்றில் தையலோடு உட்கார்ந்து எழுந்திருப்பது கஷ்டம். அலமாரியே இருக்கட்டும். ஒன்று மட்டும்: வார் போட்டாலும் ஒரு கை எப்போதும் பிள்ளை மேல் இருக்க வேண்டும். நாலு மாதத்தில் புரண்டு விழும் என்பார்கள். அதற்கு முன்பே உதைத்து உதைத்து நகர்ந்துவிடும். பம்பர்ஸ், துணி, எண்ணெய் எல்லாம் மேல் லாச்சியில், கை எட்டுகிற மாதிரி.

ரவி மாமா: பாலிக் பூலாவில் அங் ஹே டுரியான் இறங்கிவிட்டதாம். யாருக்கு வேண்டும்?

நான்: எனக்கு

பெரிய மாமா: கிலோ என்ன விலை?

அம்மா: பத்தியம் இருக்கிற வீட்டுக்குள் டுரியான் வரக்கூடாது. அலமாரியைச் சொல் ரவி

பெரிய மாமா: இன்னொன்று முக்கியம். அலமாரியைச் சுவரோடு பூட்ட வேண்டும். லாச்சிகளை ஒரே நேரத்தில் திறந்தால் பாரம் முழுவதும் முன்பக்கம் வந்து அப்படியே கவிழும். பையன் நிற்கப் பழகியதும் லாச்சியில் கால் வைத்து ஏறுவான், அப்போது இன்னும் ஆபத்து. அமெரிக்காவில் இப்படிப் பிள்ளைகள் மேல் கவிழ்ந்து உயிரே போயிருக்கிறது. 2016ல் ஒரே கம்பெனி 2.9 கோடி அலமாரிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு விட்டது. விமலா, உன் பிளாட்டில் செங்கல் சுவர். சாதாரண டிரில் போதாது, ஹேமர் டிரில்லும் வால் பிளக்கும் வேண்டும். எல் வடிவ இரும்பு இரண்டு போதும். மெத்தையையும் சும்மா வைக்காதே, நழுவும். அடியில் வரும் வாரை அலமாரியின் பின்பலகையில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மேலே கண்ணாடி இருந்தால் எடுத்துவிடு.

நான்: மாமா, இது அலமாரியா, பினாங்கு பாலமா?

ரவி மாமா: உயரம் 82. ஆழம் 48. அளந்துவிட்டேன், போதுமா

பெரிய மாமா: மெத்தையோடு 92. அம்மா அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது!

அம்மா: அதன் வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. லாச்சியை இழுத்தால் சேலைக்கு முன்னால் பாச்சை உருண்டைதான் உருண்டு வரும்

மாலா சித்தி: என்ன உருண்டை?

மாலா சித்தி: ரவி, இப்போதும் உள்ளே பாச்சை உருண்டை போடுகிறீர்களா?

ரவி மாமா: சாந்திதான் போடுவாள். கரப்பான் வராது

மாலா சித்தி: ஷாலினி, பையனுக்கு ஜி6பிடி பார்த்தார்களே, என்ன சொன்னார்கள்?

ஷாலினி அக்கா: குறைவு என்றார்கள் சித்தி. அதனால்தான் வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன்

அம்மா: ஏதோ எழுத்து சொன்னாய். ரத்தப் பிரிவு என்று நினைத்தேன்

மாலா சித்தி: ஐயோ அக்கா. அது ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி. இங்கே பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைப் பார்ப்பார்கள். அது குறைவாக இருக்கிற பிள்ளைக்குப் பாச்சை உருண்டை ஆகவே ஆகாது. அந்த வாசமும், அது பட்ட துணியும் போதும், ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை ஏறும், மூளையையே பாதிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒன்றுகூட இருக்கக்கூடாது. எடுத்து வைத்திருக்கிற பழைய துணிகளைத் துவைத்து வெயிலில் போடுங்கள். பத்திய மருந்து, மூலிகை எதுவும் டாக்டரைக் கேட்காமல் ஷாலினிக்குக் கொடுக்காதீர்கள்.

அம்மா: பழைய தொட்டில் சேலையில் நான்கு உருண்டை போட்டு வைத்திருக்கிறேனே

அம்மா: இப்போதே எடுத்து வெளியே வைக்கிறேன்

பெரிய மாமா: அலமாரியை வினிகர் போட்டுத் துடைத்து, லாச்சிகளைக் கழற்றி ஒரு வாரம் வெயிலில் வைத்தால்?

மாலா சித்தி: 40 வருட வாசம் அண்ணே. மரத்துக்குள் இறங்கியிருக்கும். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நான் சொல்லும் வரை அது பிள்ளை இருக்கும் அறைக்குள் வரக்கூடாது.

ஷாலினி அக்கா: அப்படியென்றால் திங்கள்கிழமைக்கு?

அம்மா: பிரகாஷ் அறையில் ஒன்று இருக்கிறதே. நாலு லாச்சி

நான்: அது என்னுடையது

அம்மா: அதில் நீ துணி வைத்து நான் பார்த்ததே இல்லை. எல்லாம் நாற்காலி மேல்தான் கிடக்கிறது

பெரிய மாமா: உயரம் என்ன? பலகையா, ஒட்டுப்பலகையா? படம் போடு

நான்: [படம்]

ஷாலினி அக்கா: முதலில் அந்தச் சாக்ஸை எடு

பெரிய மாமா: பரவாயில்லை. சுவரில் பூட்டினால் தாங்கும். நாளைக்கு டிரில் எடுத்து வருகிறேன். பத்து மணிக்கு. இல்லாவிட்டால் பதினொன்று.

சாந்தி அத்தை: அண்ணி, இப்போதுதான் பார்த்தேன். அலமாரியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். டிவி வைக்கத்தான் இடம் இல்லை

அம்மா: வெயிலில் காயட்டும் சாந்தி. காய்ந்த பிறகு இங்கேதான் வர வேண்டும்

ரவி மாமா: காய்ந்த பிறகு பார்க்கலாம்

ரவி மாமா: மூன்றாவது லாச்சி திறக்கவே இல்லை. அம்மா இருந்தபோது எப்படித் திறப்பார்?

சின்னப் பாட்டி: [குரல் பதிவு 0:05]

நான்: இடது பக்கம் ஒரு குத்து விடணுமாம்

ரவி மாமா: திறந்துவிட்டது

அம்மா: உள்ளே என்ன இருக்கிறது?

ரவி மாமா: உருண்டை மட்டும்தான்

அம்மா: படம் எடுத்துப் போடு