விடுதிப் பள்ளியில் வளர்ந்த எனக்கு நீட்சே புரிந்த விதம்

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை விடுதிப் பள்ளியில் இருந்தவன் நான். நுழைவுத் தேர்வு கடினம், கட்டணம் அதிகம், "நாளைக்கு எல்லாவற்றையும் நடத்தப் போகிறவர்கள் நீங்கள்தான்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். என் சட்டைக் காலரில் அம்மா சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்த எண் 214. சலவையிலிருந்து வரும் குவியலில் அந்தச் சிவப்பைத்தான் தேடுவேன், ஏழு வருடத்தில் அது இன்னொரு பெயராகவே ஆகிவிட்டது.

கல்லூரியில் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. மனிதர்களை உயர்ந்தவர்கள், மந்தை என்று பிரிக்கிறாரே என்று கோபத்தில் மூடி வைத்துவிட்டேன். அவர் படித்த பள்ளியைப் பற்றித் தெரிந்த பிறகுதான் திரும்பத் திறந்தேன். ஜெர்மனியில் நவும்பர்க் பக்கத்தில் இருக்கும் ஷூல்ஃபோர்ட்டா, பழைய மடாலயம், 1543இல் பள்ளியாக்கினார்கள். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த பாதிரியார் வீட்டுப் பையன், 1858இல் கட்டணமில்லாத இடம் கிடைத்துப் போனார். ஆறு வருடம். விடியற்காலை ஐந்துக்குள் எழ வேண்டும், பிரார்த்தனை, லத்தீன், கிரேக்கம், தலைக்கு மேல் மூத்த மாணவர்களின் அதிகாரம்.

அங்கே இருக்கும்போதே அவருக்கு நம்பிக்கை ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது. 1862இல், பதினேழு வயதில் எழுதிய ஒரு கட்டுரையில் கிறித்துவத்தின் அடிப்படைகளையே கேள்வி கேட்கிறார். பழைய நூல்களைச் சொல் சொல்லாகச் சோதிக்கப் பழக்கிய பள்ளி அது, அந்தக் கண்ணை பைபிள் பக்கம் மட்டும் திருப்பாதே என்றால் நடக்குமா? ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 1864இல் பள்ளியை முடிக்கும்போது தியாக்னிஸ் என்ற கிரேக்கக் கவிஞரைப் பற்றி லத்தீனில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். தியாக்னிஸ் மேட்டுக்குடிக்காரர், அவருக்கு 'நல்லவன்' என்றால் பெரும்பாலும் நல்ல குடியில் பிறந்தவன், 'கெட்டவன்' என்றால் கீழ்க்குடியில் பிறந்தவன். இருபத்து மூன்று வருடம் கழித்து, 1887இல், நல்லது என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து எழுதிய நூலில் அதே தியாக்னிஸைப் பெயர் சொல்லி அழைத்து வருகிறார். அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி போய்விட்டது, வரிசை போகவில்லை.

ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் நடந்தது. பதினைந்து வயதில் பிரார்த்தனையின்போது உதட்டை மட்டும் அசைக்க ஆரம்பித்துவிட்டேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் பெரிய பையன்கள் உட்காரும்வரை சின்னவர்கள் தட்டோடு நிற்க வேண்டும் என்பதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. முதல் வருடம் நின்றேன், கால் வலித்தது, ரகசியமாக அழுதும் இருக்கிறேன். கடைசி வருடம் மாணவர் தலைவனானபோது வேண்டுமென்றே மெதுவாக நடந்து வந்து உட்காருவேன். தட்டைப் பிடித்திருந்த ஒரு சின்னப் பையனின் கை நடுங்கியதைப் பார்த்தும் அவசரப்படவில்லை. இன்றுவரை அந்தக் கை மறக்கவில்லை.

இதே ஷூல்ஃபோர்ட்டாவில் நீட்சேக்கு எண்பது வருடங்களுக்கு முன்னால் ஃபிக்டே என்ற இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி படித்தார். மூத்த மாணவனின் கொடுமை தாங்காமல் ஓடிப்போகக் கிளம்பி, பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வந்தவர். அவரே 1808இல் வெளியான உரைகளில், பிள்ளைகளைப் பெரியவர்களின் சமூகத்திலிருந்து பிரித்துத் தனிச் சமூகமாக வைத்து வளர்க்க வேண்டும் என்கிறார், அதுவும் மேட்டுக்குடிப் பிள்ளைகளை மட்டுமல்ல, நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும். ஓடிப்போன பையனா இதைக் கேட்கிறான் என்று எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. அப்புறம் என்னையே நினைத்துப் பார்த்தேன். போன மாதம் வேலைக்கு ஆள் எடுக்க விண்ணப்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு தாளிலும் என் கண் முதலில் போய் நின்றது எந்தப் பள்ளி என்ற வரியில்தான்.