லூசி, சிகரெட், சிசேரியன்

(குடும்ப வாட்ஸ்அப் குழு)

கவிதா: லைப்ரரியில் 'ஐ லவ் லூசி' டிவிடி இரண்டு சீசன் கிடைத்தது. 1950களில் வந்த அமெரிக்க டிவி காமெடித் தொடர். கறுப்பு வெள்ளையா என்று முகம் சுளித்த பிள்ளைகள், இப்போது சாப்பிடக்கூட எழுந்து வரமாட்டேன் என்கிறார்கள்.

சித்தப்பா: அடடா! குவைத்தில் இருந்தபோது கேசட்டில் பார்த்தது. சாக்லேட் ஃபேக்டரி வந்ததா?

கவிதா: இரண்டாவது சீசனில் முதல் கதையே அதுதான் சித்தப்பா. 1952.

அத்தை: அது என்ன கதை?

சித்தப்பா: பெல்ட்டில் வரும் சாக்லேட்டுக்கு லூசியும் அவள் சிநேகிதி எத்தலும் காகிதம் சுற்ற வேண்டும் அக்கா. சமாளிக்க முடியாமல் வாயில், தொப்பியில், சட்டைக்குள் என்று திணிப்பார்கள். சூப்பர்வைசரம்மா வந்து பார்த்தால் பெல்ட் காலி. பலே என்று, இன்னும் வேகமாக ஓடவிடச் சொல்லிவிடுவாள் 😂

பிரபு: அந்தத் துண்டு யூடியூபிலேயே இருக்கிறதே. டிவிடியில் என்ன விசேஷம்?

கவிதா: பழைய டைட்டில். சாட்டின் துணிமேல் இதயம் வருமே, அது பிற்பாடு மறு ஒளிபரப்புக்குச் செய்தது. 1951இல் சிபிஎஸ் டிவியில் வந்தபோது லூசியும், கதையில் ரிக்கியாக வரும் அவர் நிஜக் கணவர் டெசியும் கார்ட்டூனாக, விளம்பரம் கொடுத்த பிலிப் மோரிஸ் கம்பெனியின் சிகரெட் பெட்டியோடு வருவார்கள். எக்ஸ்ட்ராவில் வைத்திருக்கிறார்கள்.

அத்தை: குடும்ப நாடகத்துக்கு சிகரெட்டா! கண்றாவி.

பிரபு: எனக்கு அந்தச் சிரிப்பு டேப்தான் ஆகாது.

சித்தப்பா: டேப் இல்லைடா. எதிரே ஜனங்களை உட்காரவைத்து, மூன்று கேமராவில் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தது. ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட். 'மெட்ரோபோலிஸ்' என்ற பழைய ஜெர்மன் மௌனப் படத்தை ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர்.

கவிதா: படம் இன்றும் பளிச்சென்று இருப்பது அதனால்தான். அந்தக் காலத்தில் நேரலை போக முடியாத ஊர்களுக்கு டிவி திரையையே படம் பிடித்து அனுப்புவார்கள், ஒரே மங்கல். லூசியும் டெசியும் நேரலைக்காக ஹாலிவுட்டை விட்டு நியூயார்க் போக மறுத்து, ஃபிலிமில்தான் எடுப்போம் என்றார்கள். கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, ஃபிலிம் உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிவிட்டார் டெசி.

பிரபு: கில்லாடி.

சித்தப்பா: அதைப் பிறகு சிபிஎஸ்ஸுக்கே விற்றார்கள். 1957இல் ஹாலிவுட்டின் ஆர்கேஓ ஸ்டூடியோவையே வாங்கிவிட்டார்கள்!

கவிதா: சில இடம் நெருடத்தான் செய்கிறது. ரிக்கி லூசியை மடியில் போட்டு அடிப்பான், ஜனங்கள் சிரிப்பார்கள். "ஏன் சிரிக்கிறார்கள்?" என்று சின்னவள் கேட்டாள். நிறுத்திவிட்டுப் பேச வேண்டியிருந்தது.

அத்தை: நல்லாக் கேட்டாள்! நீ அனுப்பிய படத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு ஏன் தனித்தனிக் கட்டில்?

கவிதா: அன்றைய டிவி அவ்வளவு ஆசாரம் அத்தை. லூசி நிஜமாகவே மாசமாக இருந்ததால் கதையிலும் சேர்த்தார்கள். அந்த ஸ்கிரிப்டுகளை ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டண்ட் போதகர், ஒரு யூத குரு மூவரும் படித்துப் பார்த்தார்களாம். கதையில் குழந்தை பிறந்தது 1953 ஜனவரி 19. அவருக்கு நிஜத்திலும் அன்றைக்கே மகன்.

அத்தை: அதெப்படி?

கவிதா: சிசேரியன். முன்பே தேதி குறித்தது.

அத்தை: நாம் நட்சத்திரம் பார்த்துக் குறித்தால் மட்டும் கேலி செய்வீர்கள். சரி, ஊருக்கு வரும்போது ஒரு செட் வாங்கி வா.

பிரபு: டிவிடிக்கு நாட்டுக்கு நாடு ரீஜன் என்று ஒரு பூட்டு உண்டு. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம் ஊருக்கு 5. உங்கள் பிளேயரில் ஓடாது அத்தை.

அத்தை: அது பர்மா பஜாரில் வாங்கினதுடா. எந்த நாட்டு டிவிடியும் ஓடும்.