நங்கூரப் புரதமா, கட்டுத்தறிப் புரதமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் ஏ-கைனேஸ் என்ற நொதியைச் செல்லுக்குள் ஓரிடத்தில் பிடித்து வைக்கும் புரதத்துக்கு ‘நங்கூரப் புரதம்’ என்ற பெயரே போதும் என்று நாகப்பட்டினத்து ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். நங்கூரம் பாய்ச்சிய படகும் வடத்தின் நீளத்துக்குச் சுற்றி வரும் என்று அவர்கள் காட்டியது சரியே. ஆயினும் அந்தச் சொல்லில் எனக்கு வேறொரு தடை இருக்கிறது.

இதயத் தசையில் 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் நடந்த சோதனைகளை நினைவுபடுத்துகிறேன். அட்ரினலின் போன்ற மருந்தான ஐசோபுரோட்டிரினால், ஹார்மோன் போன்ற பொருளான புரோஸ்டாகிளாண்டின் இ1 ஆகிய இரண்டுமே, ஏ-கைனேஸைத் தூண்டும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏ.எம்.பி.யின் அளவைச் செல்லுக்குள் உயர்த்தின. இரண்டுமே ஏ-கைனேஸைத் தூண்டின. ஆனால் தசை சுருங்கும் விசை முன்னதால் மட்டுமே கூடியது. செல்லைச் சிதைத்துப் பிரித்துப் பார்த்தபோது, புரோஸ்டாகிளாண்டின் தூண்டியது கரைசலில் இருந்த நொதியை மட்டுமே என்பதும், சவ்வு முதலிய திடப்பகுதிகளில் ஒட்டியிருந்த நொதியையும் தூண்டியது ஐசோபுரோட்டிரினால்தான் என்பதும் தெரிந்தன. நொதி ஒன்றாயிருந்தும், அது இருந்த இடத்தைப் பொறுத்து விளைவு வேறாயிற்று.

ஆகவே நாம் பெயரிட வேண்டியது, நொதியை ஓரிடத்தில் கட்டி, கட்டியதாலேயே அதை வேலை செய்ய வைக்கும் ஒரு பொருளுக்கு. நங்கூரம் பாய்ச்சினால் பயணம் நின்றது என்றுதான் நம் காதில் விழுகிறது. மாட்டை முளையில் கட்டுவது அப்படியன்று. அறுவடை முடிந்த பின் வெண்ணாற்றங்கரையில் ஒரு முளைக்குச்சியை அடித்துப் பசுவைக் கட்டிவிட்டு வந்தால், பொழுது சாய்வதற்குள் கயிறு எட்டும் தூரம் முழுவதும் வட்டமாகச் சிரைத்தாற்போல் மேய்ந்திருக்கும். வட்டத்துக்கு ஒரு சாண் வெளியே புல் தலைகூடக் கலையாமல் நிற்கும்.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரமன்று. ஏ-கைனேஸில் இரண்டு ஒழுங்குபடுத்தும் துணையலகுகளும் இரண்டு வினையூக்கும் துணையலகுகளும் உள்ளன. நாம் பேசும் புரதம் பிடித்துக்கொள்வது முன்னவற்றை. சைக்ளிக் ஏ.எம்.பி. வந்து சேர்ந்தால் வினையூக்கும் அலகுகள் கழன்று ஓடிவிடும் என்றே பாடநூல்களில் படித்தோம். ஆனால் 2017இல் வெளிவந்த ஆய்வு, உடலில் இயல்பாக நிலவும் அளவுகளில் அவை பெரும்பாலும் கழலாமல், கட்டிய இடத்திலிருந்து 15 முதல் 25 நானோமீட்டருக்குள் இருக்கும் புரதங்களின் மீதே வினைபுரிகின்றன என்று காட்டியது. ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் நீளமுள்ள இதயத் தசைச் செல்லில் அது எத்துணைச் சிறிய வட்டம் என்று எண்ணிப் பாருங்கள். நம் புரதம் தறி, அதாவது முளைக்குச்சி; வளைந்து கொடுக்கும் ஒழுங்குபடுத்தும் அலகு கயிறு; வினையூக்கும் அலகு மேய்கிற மாடு.

‘முளைப்புரதம்’ என்று சுருக்கலாமா என்று முதலில் யோசித்தேன். அது முளைகட்டிய பயற்றை நினைவூட்டும் என்று வீட்டில் சிரித்துவிட்டார்கள். ‘தறிப்புரதம்’ என்றாலும் சிக்கல்தான். திருபுவனத்துக்காரர்களுக்குத் தறி என்றால் பட்டுத் தறி. தறித்தல் என்றால் வெட்டுதல் என்பதால், புரதத்தை வெட்டும் நொதி என்று மாணவர் பொருள் கொள்ளவும் கூடும். ‘பிணைப்புப் புரதம்’ என்பதை ஏற்கெனவே வேறொன்றுக்குப் பயன்படுத்தி வருகிறோம். எனவே முழுச் சொல்லாக ‘கட்டுத்தறிப் புரதம்’ என்றே முன்மொழிகிறேன். எழுத்து கூடுதல்தான், ஆனால் மாடு கட்டும் இடத்தைக் கட்டுத்தறி என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு வசதியும் உண்டு. நொதியை இப்புரதத்திலிருந்து விலக்குவதற்கு ஆய்வகங்களில் சிறு பெப்டைடுகளை, அதாவது குட்டையான புரதத் துண்டுகளைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றைக் ‘கட்டவிழ்ப்பான்’ எனலாம். நங்கூரத்தை வைத்துக்கொண்டு இதற்கு ஒரு பெயர் ஆக்கிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை.

ஒரே புரதம் ஏ-கைனேஸோடு, பாஸ்பேட்டை நீக்கும் நொதியையும் தன்னிடம் கட்டி வைத்துக்கொள்ளும் நிலையை எப்படிக் குறிப்பது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘கூட்டுத்தறி’ என்று எழுதிப் பார்த்தேன். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம்போல் ஒலிக்கிறது. திருபுவனத்து நண்பர் இதற்கு ஒரு வழி சொன்னால் நன்றாயிருக்கும்.

அன்புடன்,
தஞ்சையிலிருந்து ஓர் உறுப்பினர்