வாய்ட் டெக்கில் ஆறு பலகை: தகவல் இருக்கிறது, கதை இல்லையாம். என்ன செய்யலாம்?

புதுவரைவு:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் தரைத்தளத் திறந்தவெளியில்) வைப்பதற்கு, சிராங்கூன் சாலை வட்டாரத்தின் வரலாற்றை ஆறு ஏ1 (594 x 841 மி.மீ.) பலகைகளில் வடிவமைக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டும் உண்டு. 1840களின் குதிரைப் பந்தயத் திடல், 1900இல் கட்டிய சீன வணிகர் டான் தெங் நியாவின் வீடு, 1982இல் தேக்கா சந்தை இடம் மாறியது, 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் என்று ஆண்டு வரிசையில் போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் "பாடப்புத்தகம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லிஃப்ட் பக்கமிருந்து வருகிறவர் கண்ணில் ஆறாவது பலகைதான் முதலில் படும். எப்படிக் கோப்பது?

கோடும்புள்ளியும்:
ஆண்டு வரிசை கதையாகாது. ஆறு பலகையிலும் ஒரே பொருள் வரவேண்டும், ஒவ்வொன்றிலும் அதன் நிலை மாறவேண்டும். கண் அந்த மாற்றத்தைத்தான் கதையாக வாசிக்கும்.

உங்கள் வட்டாரத்திலேயே அந்தப் பொருள் இருக்கிறது: எருமை. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரையும் புல்லையும் நம்பி வளர்ந்தது அங்கிருந்த மாட்டு வணிகம். பஃப்ளோ சாலை, அதன் பக்கத்திலேயே கெர்பாவ் சாலை (மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான்), மாட்டு வணிகர் பெயரில் பெலிலியோஸ் சாலை.

முதல் பலகையில் எருமை முக்கால் பங்கு இடத்தை அடைக்கட்டும்: மூக்குத்துவாரம் தண்ணீருக்குச் சற்று மேலே, முதுகில் காய்ந்த சேறு. இரண்டாவதில் வண்டியில் பூட்டியிருக்கட்டும். மூன்று, நான்கில் கடைகளுக்கு நடுவே சிறுத்துப் போகட்டும். ஐந்தாவதில் தூரத்தில் ஒரு நிழல் போதும். ஆறாவதில் விலங்கே வேண்டாம், சாலைப் பெயர்ப்பலகை மட்டும். முதல் பலகைப் பக்கமிருந்து வருகிறவர் ஒன்று மறைந்து போவதைப் பார்ப்பார். லிஃப்ட் பக்கமிருந்து வருகிறவருக்கு "இங்கே ஏன் எருமைப் பெயர்?" என்ற கேள்வி எழும், பதில் தேடித் தானே நடப்பார். உங்கள் இரண்டாவது சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும்.

தரைக்கோட்டை எல்லாப் பலகையிலும் ஒரே உயரத்தில் வையுங்கள், கீழ்விளிம்பிலிருந்து 150 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பலகைகளுக்கு நடுவே 100 மி.மீ. இடைவெளி என்றால் பலகை தாண்டித் தொடரும் படத்திலும் அந்த 100 மி.மீ. ஒளிந்திருப்பதாகக் கணக்கிட்டு வெட்டவேண்டும். நேராக வெட்டி ஒட்டினால் வண்டிச் சக்கரம் முட்டை வடிவத்தில் தெரியும்.

எழுத்து போடுவதற்கு முன் ஆறையும் ஏ4இல் அச்சிட்டுக் கலைத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்தப் பலகையை மாற்றி வரையவேண்டும்.

அச்சுமை:
தமிழ் எழுத்தைப் பற்றி. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரை (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் தெரிவை) தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு (ெ) இடம் மாறிவிடும்: "கொடி"யில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேர்டு கோப்பில் சரியாக இருந்தது பலகையில் உடைவது இப்படித்தான். அதனால் தமிழ் தெரிந்தவர் அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பைப் பார்த்துத்தான் ஒப்புதல் தரவேண்டும். கொ, கோ, கௌ மூன்றையும் தேடித் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்குக் கட்டம் போட்டுவிட்டுப் பிறகு தமிழை அதில் திணிக்காதீர்கள். நம் சொற்கள் நீளம். இடம் போதாமல் எழுத்தைச் சுருக்குவார்கள், தமிழ் படிக்கிற பெரியவர்களுக்குத்தான் கஷ்டம். கட்டத்தைத் தமிழுக்கு அளந்து போட்டால் ஆங்கிலம் தானே அடங்கும். வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு. இடப்பக்கம் மட்டும் சீர் செய்யுங்கள். இருபுறமும் சீர் செய்தால் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். ஒரு பலகையில் ஒரு மொழிக்கு 60 சொல், எழுத்தளவு 28 புள்ளி. அதற்குமேல் நின்று படிக்கமாட்டார்கள்.

பலகைவேலை:
ஏ1ஐ 150 டிபிஐயில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) அச்சிட ஏறத்தாழ 3508 x 4967 பிக்சல் வேண்டும். இணையத்தில் எடுத்த 1000 பிக்சல் படத்தை முழு அகலத்துக்கு இழுத்தால் 43 டிபிஐதான் கிடைக்கும், மங்கிவிடும். லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும். பளபளப்பாகப் போட்டால் வெளிச்சம் பட்டுப் பாதிப் பலகை தெரியாது.

கோடும்புள்ளியும் சொன்னதில் ஒரு திருத்தம். சிங்கப்பூரில் வண்டி இழுத்தது பெரும்பாலும் காளை. பழைய படங்களில் திமில் தெரிந்தால் காளை, கொம்பு பின்னோக்கி அகன்று வளைந்தால் எருமை. வண்டியில் எருமையைப் பூட்டி வரைந்தால் பெரியவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

கோடும்புள்ளியும்:
சரியாகச் சொன்னீர்கள், அது என் தவறு. அப்படியானால் தொடர்பொருளை எருமையிலிருந்து குளம்புத் தடத்துக்கு மாற்றிவிடலாம். காளைக்கும் எருமைக்கும் பிளவுபட்ட குளம்புதான். தரைக்கோட்டில் முதல் பலகையில் சேற்றில் ஆழமாக, நடுவில் மண்பாதையில் சக்கரத் தடத்தோடு கலந்து, ஐந்தாவதில் தார் தொடங்கும் இடத்தோடு தடம் நிற்கட்டும்.

புதுவரைவு:
தடம் நல்ல யோசனை. அப்படியானால் முதல் பலகையில் மட்டும் எருமை, இரண்டாவதில் திமிலோடு காளை. ஏ4 தாள்களை இன்றிரவே அச்சிடுகிறேன். தமிழ்க் கட்டத்தையும் முதலில் அளந்துவிடுகிறேன்.