எல்லாக் கலத்திலும் ஒரே பரம்பரையலகு என்றால், வைரசு ஏன் இடம் பார்த்து நுழைகிறது?

விசுவமடு ரீச்சர்:
வணக்கம். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "ரீச்சர், எல்லாக் கலத்திலும் ஒரே பரம்பரையலகுகள்தானே? அப்ப கொரோனா ஏன் மூக்கையும் நுரையீரலையும் தேடிப் பிடிச்சது?"

இரணைமடுவைச் சொல்லி விளங்கப்படுத்தினேன். குளம் நிறையத் தண்ணீர் நின்றாலும், துரிசு திறந்த வாய்க்காலுக்குத்தான் பாயும். அதேபோல ஏசிஇ2 பரம்பரையலகு எல்லாக் கலத்திலும் இருந்தாலும், சில கலங்களில்தான் திறந்து புரதமாகிறது. அந்தப் புரதம்தான் கொரோனா வைரசுக்கு வாங்கி, அதாவது அது பற்றிக்கொண்டு கலத்துக்குள் நுழையும் பிடி. "அப்ப நுரையீரலிலதான் கூடத் திறந்திருக்கோணும்" என்றாள். இரவு, எந்த உறுப்பில் எந்தப் பரம்பரையலகு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கோடு கீறிக் காட்டும் ஹியூமன் புரோட்டீன் அட்லஸ் தளத்தைத் திறந்து பார்த்தால், உயர்ந்த கோடுகள் சிறுகுடலிலும் சிறுநீரகத்திலும்! நுரையீரலில் கோடே தெரியாத குறை. நாளைக்கு அவளுக்கு என்ன சொல்ல?

இன்னொன்று எனக்காக. 2021இல் அம்மாவுக்குக் கொரோனா வந்தபோது, நெத்தலிக் கருவாடு சட்டியில் கரிந்து புகை எழும்ப, பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தா. மூக்கடைப்பும் இல்லை. மணநரம்பிலும் ஏசிஇ2 இருக்கிறதா?

முள்ளியவளையான்:
ரீச்சர், துரிசு உவமை சரி. ஆனால் நீங்கள் பார்த்த கோடு, இழையத்தை முழுதாக அரைத்து எடுத்த அளவாக இருக்கும். ஒரு பானைக் கூழில் இரண்டே இரண்டு நண்டு போட்டால், அகப்பையில் வருவது ஒடியல் மாவின் ருசிதான். அதற்காக நண்டே இல்லை என்போமா? நுரையீரலில் பல வகைக் கலங்கள். ஏசிஇ2 முக்கியமாகக் காற்றறைகளின் இரண்டாம் வகைக் கலங்களில், அதுவும் அவற்றில் சிலவற்றில் மட்டும் தெரிகிறது. கலம் கலமாகப் பிரித்து, பரம்பரையலகு திறக்கும்போது உருவாகும் ஆர்என்ஏயை எண்ணும் முறையில்தான் இது தெளிவாகப் பிடிபட்டது. சிறுகுடலில் உறிஞ்சும் கலங்கள் ஏராளம், அவற்றில் ஏசிஇ2வும் ஏராளம்.

வாங்கி மட்டும் இருந்தாலும் போதாது. வைரசு வாங்கியைப் பற்றும் கூர்ப்புரதத்தை வெட்டிக்கொடுக்கும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியமும் அதே கலத்தில் இருந்தால் நுழைவது சுலபம். மூக்கில் சளி சுரக்கும் கலங்களிலும் பிசிருள்ள கலங்களிலும் இரண்டும் உண்டு. காற்றோடு வரும் வைரசு முதலில் முட்டுவதும் அங்கேதான். சிறுநீரகத்தில் எவ்வளவு வாங்கி இருந்தென்ன, அங்கே போய்ச் சேரவேண்டுமே.

அம்மாவின் விஷயம்: மணநரம்புக் கலங்களில் ஏசிஇ2 அநேகமாக இல்லை. அவற்றைச் சுற்றி நின்று தாங்கும் துணைக்கலங்களில் இருக்கிறது. 2020இல் வந்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான். துணை கெட்டதும் நரம்பும் வேலை செய்யாது. துணைக்கலங்கள் திரும்ப உருவாகக்கூடியவை. பலருக்குச் சில கிழமைகளில் மணம் திரும்பியது அதனால்தான் என்று நினைக்கிறார்கள்.

மாங்குளம் தாதி:
ரீச்சர், "வாங்கி" என்றதும் வைரசை வாங்கத்தான் உடம்பு அதை வைத்திருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். அதை முதலில் திருத்துங்கோ. இரத்த அழுத்தத்தை ஏற்றும் அஞ்சியோதென்சின் 2ஐ வெட்டிக் குறைப்பது ஏசிஇ2வின் சொந்த வேலை. ஈரலழற்சி பி வைரசின் வாங்கி என்டிசிபி, 2012இல்தான் கண்டுபிடித்தார்கள். பித்த உப்பை ஈரற்கலத்துக்குள் இழுப்பது அதன் தொழில். அந்தத் தொழில் ஈரலுக்கே உரியது, அதனால் அந்த வைரசும் ஈரலையே பிடிக்கிறது. எனக்கு இதைப் படித்த அன்றுதான் அந்த நோய் உண்மையில் விளங்கியது.

விசுவமடு ரீச்சர்:
தம்பிக்கும் அக்காவுக்கும் மனம் நிறைந்த நன்றி. இன்று வகுப்பில் கூழ்ப்பானையைக் கரும்பலகையில் கீறினேன். உடனே அடுத்த கேள்வி: "குடலில அவ்வளவு வாங்கி இருந்தா, வயிற்றையும் பிடிச்சிருக்கோணுமே?"

முள்ளியவளையான்:
பிடித்ததுதான். பலருக்கு வயிற்றோட்டம் வந்தது, மலத்தில் வைரசின் ஆர்என்ஏயும் கிடைத்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்த சிறுகுடல் இழையத்தில், உறிஞ்சும் கலங்களுக்குள் வைரசு பெருகுவதை 2020இலேயே கண்டார்கள். அவளிடம் சொல்லுங்கோ, சரியாகத்தான் யோசிக்கிறாள் என்று.