அப்பாவுக்கு ஜின்செங் கொடுக்கலாமா?

வணக்கம். அப்பா 30 ஆண்டுகள் கப்பல் பட்டறையில் சாயம் அடித்தவர். "தின்னர் நெடியெல்லாம் ஈரலில் தங்கியிருக்கும், இது நச்சை முறிக்கும்" என்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஒரு டப்பா சிவப்பு ஜின்செங் தந்தார். ஆவியில் வேகவைத்து உலர்த்திய வேர். சீவல்கள் கருப்பட்டி நிறத்தில் மின்னுகின்றன. வெந்நீரில் போட்டு நான் குடித்துப் பார்த்தேன்: முதலில் கசப்பு, பிறகு தொண்டையில் லேசான தித்திப்பு.

இதிலுள்ள ஜின்செனோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் உடலின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளைத் தூண்டுவதாகவும், பாராசிட்டமால், புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் போன்றவற்றால் எலிகளின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வரும் சேதத்தைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் இருக்கின்றன. எலிகளுக்குச் சரி, அப்பாவுக்கு 71 வயது.

அவர் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார், சர்க்கரை மாத்திரையும் உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வீரியத்தைக் குறைத்தது. ஜின்செங் இரத்தச் சர்க்கரையையும் இறக்கக்கூடும். அதனால் டப்பாவை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். பாட்டியோ மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் "குடித்தாரா?" என்கிறார்.

வார்ஃபரின் எடுப்பவர்கள் வீட்டில் யாராவது ஜின்செங் கொடுத்திருக்கிறீர்களா? மருத்துவர் என்ன சொன்னார்? சிங்கப்பூரில் தேக்கா பக்கம் தமிழில் விளக்கும் மருந்தாளர் இருந்தால் சொல்லுங்கள். புதன்கிழமை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை. அதற்குள் தெரிந்தால் நல்லது.